சேரும் அந்த ஓர் ஒட்சிசனும்

எங்கள் இரசாயனவியல் பேராசிரியர் சேரிடம் இறுதியாண்டு ஆய்வு செய்த யாரும் அவருடைய கையுறைப் பைத்தியத்தை மறந்திருக்க மாட்டீர்கள். கதவுப் பிடியைத் தொட்டால் கழற்றி வேறு போடவேண்டும், மூக்கைச் சொறிந்தால் சொல்லவே வேண்டாம். தோலில் இருக்கிற நொதியம் துளி போனாலும் குழாயில் உள்ள ஆர்என்ஏ, அதாவது மரபணுவின் நகல், சிதைந்துவிடும், அன்றைய வேலை அவ்வளவுதான்.

சேர் ஆராய்ந்தது பீற்றா தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய். மரபணுவின் ஆர்என்ஏ நகலில் கலம் வெட்டி எறிகிற துண்டு இன்ட்ரோன், வைத்து ஒட்டுகிற துண்டு எக்சோன். ஈமோகுளோபினுக்கான பீற்றா மரபணுவின் முதல் இன்ட்ரோனில் 5ஆவது எழுத்து ஜி, அது சியாக மாறிவிடுகிறது. இலங்கையிலும் இந்தியாவிலும் அதிகம் காணப்படும் பிறழ்வு இதுதான். வெட்டி எறியப்போகிற துண்டில்தானே பிழை, பிறகு ஏன் அந்தப் பிள்ளைக்கு மாதா மாதம் இரத்தம் ஏற்றவேண்டும்? எங்கே வெட்டுவது என்று கலத்துக்குச் சரியாகப் பிடிபடாமல் பக்கத்துப் போலி இடங்களில் வெட்டிவிடுகிறது, வருகிற ஆர்என்ஏயில் பெரும்பகுதி உதவாது.

உயிரியல்காரர் கத்தரிக்கோல் படம் போட்டு இதை முடித்துவிடுவார்கள், சேர் விடமாட்டார். வெண்கட்டியால் ஆர்என்ஏயின் ரைபோசு வெல்லத்தை வரைந்து 2ஆவது காபனில் உள்ள ஓஎச்சை, அதாவது ஒட்சிசன்-ஐதரசன் சோடியை, சுற்றி வட்டம் போடுவார், கரும்பலகை கீறுகிற சத்தம் பின்வாங்கு வரை கேட்கும். இன்ட்ரோனுக்குள் இருக்கிற ஓர் அடெனோசினின் (ஏ எழுத்தின்) அந்த ஒட்சிசன் போய் வெட்டும் இடத்துப் பொசுபரசைத் தாக்க, இன்ட்ரோன் சுருக்குக் கயிறாக வளைந்து கழன்றுவிடும், எக்சோன்கள் ஒட்டிக்கொள்ளும். டிஎன்ஏயில் அந்த ஓஎச் இல்லை, அதனால்தான் அது இலேசில் முறியாது. நம் தோல் நொதியமும் இதே ஒட்சிசனை ஏவிவிட்டுத்தான் ஆர்என்ஏயை அறுக்கிறது என்று தெரிந்த பிறகு எவரும் கையுறைக்கு முணுமுணுக்கவில்லை.

2016 டிசம்பரில் அமெரிக்காவில் நுசினெர்செனுக்கு அனுமதி கிடைத்தது. முள்ளந்தண்டுத் தசை நலிவு நோய்க்கான மருந்து, ஆர்என்ஏ ஆய்வாளர் ஏட்ரியன் கிரெய்னர் குழுவின் ஆய்வில் பிறந்தது, வெறும் 18 எழுத்து நீளமுள்ள ஆர்என்ஏ போன்ற இழை. எஸ்எம்என்2 என்ற மரபணுவின் ஆர்என்ஏயில் போய் ஒட்டிக்கொண்டு, வெட்டி ஒட்டும்போது 7ஆவது எக்சோன் தவறிப்போகாமல் பார்த்துக்கொள்கிறது. அதன் கட்டமைப்பைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது, எல்லா வெல்லத்திலும் சேரின் அதே ஒட்சிசனுக்கு மெதொக்சியெதைல் என்று ஒரு மூடி! நொதியம் கிட்டவும் வராது.

இங்கிருந்து சேருக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஓய்வு பெற்றும் மனிதர் மாறவில்லை. "மூடி நல்ல மூடிதான், விலையைப் பார்த்தனீரோ?" என்றார். பார்த்தேன், அப்போது முதல் வருடத்துக்கு மட்டும் 7,50,000 டொலர். "சரி, எங்கட தலசீமியாப் பிள்ளையளுக்கு என்ன செய்யப் போறீர்?" என்று அடுத்த கேள்வி.