பந்தல் கட்டவா இளைஞர் பணி?

தேவகோட்டைப் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்கில், அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த கிறிஸ்தவ வட்டாரத்தில், இளைஞர் பணியைக் கவனித்து வருகிறேன். என்னைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, “கூட்டத்துக்கு எத்தனை பேர் வர்றாங்க?” என்பதுதான். செட்டிநாட்டில் இதற்குப் பெருமையான பதில் வராது. படிப்பு முடிந்ததும் பிள்ளைகள் திருப்பூர், சென்னை, சிங்கப்பூர் என்று கிளம்பிவிடுவார்கள். அந்தக் காலத்தில் பர்மாவும் மலாயாவும். வெளியூர்ப் பிழைப்பு இங்கே புதிதா என்ன?

திருவிழாவுக்குப் பந்தல் கட்ட, சப்பரம் தூக்க, இளைஞர் ஞாயிறன்று மேடையில் ஆட ஆள் சேர்ப்பதுதான் எங்கள் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். சப்பரம் தூக்க ஆள் வேண்டும்தான். ஆனால் நாளைக்கே ஊரைவிட்டுப் போகிறவன் கையோடு எதைக் கொண்டுபோவான்?

எனக்குப் பிடித்த பதில் பெல்ஜியத்துக் குரு யோசேப் கார்டைன் சொன்னது. தொழிற்சாலைக்குப் போன இளைஞர்கள் கோயிலைவிட்டு விலகுவதைப் பார்த்து, 1925-இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கியவர். பார், ஆராய், செயல்படு: இதுதான் அவர் வழி. 1961-இல் திருத்தந்தை (போப்) 23-ஆம் யோவானும் திருச்சபைக்கு எழுதிய தன் சுற்றுமடலில் இதைப் பரிந்துரைத்தார்.

எங்கள் கூட்டத்துக்கு, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் வேலை செய்யும் ஒரு தம்பி வருவான். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகச் சிமெண்டுக் கலரை ஊற்றும் வேலை. ஒருநாள் விரல்களை விரித்துக் காட்டினான். நுனியெல்லாம் வழவழவென்று தேய்ந்து, ஓரத்தில் வெடித்திருந்தது. “ரேஷன் கடை மெஷின்ல ரேகை விழ மாட்டேங்குதுண்ணே” என்றான். கையுறை போடலாமே என்றதற்கு, “கலர் ஊத்த வராதுண்ணே” என்றான்.

அன்று பைபிளில் விடுதலைப் பயண நூலின் மூன்றாம் அதிகாரத்தை வாசித்தோம். எகிப்தில் தம் மக்கள் படும் துன்பத்தைக் கண்டதாகக் கடவுள் மோசேயிடம் சொல்லும் இடம். அப்புறம் நான் அதிகம் பேசவில்லை, பிள்ளைகளே பேசினார்கள். கலவை போடும்போதாவது கையுறை, கை கழுவப் பக்கத்திலேயே தண்ணீர் என்று முதலாளியிடம் கேட்கப் போனார்கள். தண்ணீர் உடனே கிடைத்தது; கையுறைக்கு இரண்டாவது முறையும் போக வேண்டியிருந்தது. கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், பட்டறையில் இருந்தவர்களின் ஆதார், புகைப்படமெல்லாம் வாங்கி, நல வாரியத்தில் பதிவு செய்ய விண்ணப்பித்தாள். அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் இல்லை. அவள் அதைக் கேட்கவும் இல்லை.

“இதுல ஜெபம் எங்க இருக்கு?” என்று பங்குப் பேரவையில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பைபிளை மூடிவிட்டால் நாங்கள் சங்கம் நடத்துகிறோம், அவ்வளவுதான். அதற்கு ஊரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த அதிகாரத்தை வாசித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் கையைப் பார்க்காமல் எழுந்து போவதும் ஜெபம் என்று எனக்குப் படவில்லை. அவரிடமும் அதையே சொன்னேன்.

அடுத்த கூட்டத்தில் கல்யாணச் சமையலுக்குப் போகும் பையன்களின் கூலிப் பாக்கியைப் பேசப்போகிறோம். கேட்டது அவர்களேதான். முகூர்த்த நாளாகப் பார்த்துத் தேதி வைத்துவிடாதீர்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.