டிரெஸ்ஸிங் அறைக் குறிப்புகள்: ஆறாத புண்ணும் மாவுக்கட்டும்

ஜூன் 3, 2024, திங்கள், திருநெல்வேலி

பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருவர் வந்தார். வலது பெருவிரலின் அடியில், உள்ளங்காலில் 2 செ.மீ. அகலத்துக்குப் புண். சுற்றிலும் தோல் காய்த்துத் தடித்திருக்கிறது. பொங்கலுக்கு முன்பே வந்ததாம். "நோவே இல்ல சிஸ்டர், அதான் கடையைப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன்" என்றார். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். முன்பாதத்தில் எங்கு தொட்டாலும் தெரியவில்லை. சர்க்கரை நரம்பைக் கெடுத்துவிட்டால் இப்படித்தான். வலி இருந்தால் நொண்டியாவது நடப்பார்கள். வலி இல்லாததால் முழு எடையையும் புண் மேலேயே வைக்கிறார்கள்.

வீட்டில் தினமும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி, பவுடர் தூவி, காயவைத்திருக்கிறார்கள். நுரை பொங்கினால் அழுக்கு போகிறது என்ற நம்பிக்கை. புதிதாக வளரும் செல்களையும் அது பொசுக்கிவிடுகிறது. ஈரப்பதத்தோடு மூடி வைத்த காயமே சீக்கிரம் தோல் மூடும் என்று ஜார்ஜ் விண்டர் 1962லேயே பன்றிகளில் செய்து காட்டிவிட்டார். புண்ணைக் காயவைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை.

மகன் போனில் ஒரு ஜெல்லைக் காட்டி, "இது போட்டா ஆறிடுமா?" என்றான். செல்களை வளரத் தூண்டும் புரதம் கலந்த ஜெல் அது. அமெரிக்காவில் 1997லேயே அனுமதி பெற்ற மருந்துதான், விலை அதிகம். அதைப் போட்டுக்கொண்டு கடையில் நாளெல்லாம் நின்றால் என்ன பயன்?

ஜூன் 4

டாப்ளரில் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது. எக்ஸ்ரேயில் எலும்பில் சீழ் பிடித்த அறிகுறி இல்லை. டாக்டரம்மா காய்த்த தோலையும் செத்த சதையையும் சீவி எடுத்தார். அடியில் சிவப்பான சதை தெரிந்தது.

ஜூன் 6

இன்று மாவுக்கட்டு. எலும்பு முறிவுக்குப் போடுவது போன்ற கட்டல்ல, கால் முழுவதையும் ஒட்டி அணைத்தபடி முழங்காலுக்குக் கீழ் வரை வரும். எடை ஒரே இடத்தில் இறங்காமல் பாதம் முழுக்கப் பரவும், கொஞ்சம் கெண்டைக்காலுக்கும் போகும். முக்கியமான விஷயம், நோயாளி தானே கழற்ற முடியாது.

"புது வைத்தியம் கேட்டா மாவுக்கட்டு போடுறீங்களே" என்றான் மகன். இதன் கதை நம் பக்கத்துக் கதை என்பதால் உற்சாகமாகவே சொன்னேன். 1930களில் இலங்கையில் டாக்டர் மில்ராய் பால் தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்கு இந்த முறையைக் கையாண்டார். 1946ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், உணர்வற்ற கால்களைப் பற்றி அங்கே ஆண்டுக்கணக்கில் கற்றுக்கொண்டார். 1960களில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது இதையும் கொண்டுபோனார். அங்கிருந்துதான் சர்க்கரைப் புண்ணுக்கு வந்தது. 2001ல் டேவிட் ஆம்ஸ்ட்ராங் குழு ஒப்பிட்டுப் பார்த்ததில், 12 வாரத்தில் மாவுக்கட்டு போட்டவர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேருக்குப் புண் ஆறியது. கழற்றி மாட்டும் பூட்ஸ் போட்டவர்களில் 65 சதவீதம்தான். அந்தப் பூட்ஸையே கழற்ற முடியாதபடி சுற்றிக் கட்டிவிட்டால் பலன் கூடுகிறது என்று பிறகு கண்டார்கள்.

ஜூன் 10

முதல் கட்டைப் பிரித்தோம். வீக்கம் வடிந்து கட்டு தளர்ந்துவிடும், தளர்ந்த கட்டு உரசிப் புதுப் புண் வரும். அதனால் முதல் கட்டை மட்டும் சீக்கிரம் மாற்ற வேண்டும். இனி வாரம் ஒருமுறை. அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்துகொள்கிறாராம், சாமான் கட்டிக் கொடுப்பது மகன்.

ஜூன் 19

பக்கத்துக் கட்டிலில் விரல் எடுத்த ஓர் அம்மாவுக்கு வேக்கம் மெஷின் ஓடுகிறது. காயத்தில் ஃபோம் வைத்து, மேலே பிளாஸ்டிக் ஒட்டி, 125 மி.மீ. பாதரச அளவில் உறிஞ்சுகிறது. அறுவை செய்து திறந்த காயத்தில் சதை நிரம்ப இது நல்ல உதவி. அண்ணாச்சிக்குத் தேவைப்படாது.

இரவு கொஞ்சம் படித்தேன். 2018ல் வெளியான இரண்டு ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. ஒன்று, சுக்ரோஸ் ஆக்டாசல்ஃபேட் பூசிய கட்டுத்துணி. நாள்பட்ட புண்ணில் புதுச் சதையைத் தின்னும் நொதிகளை அது அடக்குகிறது. ரத்த ஓட்டமும் குறைந்த புண்களில் 20 வாரத்தில் 48 சதவீதம் ஆறின, சாதாரணத் துணியில் 30. இன்னொன்று, நோயாளியின் சொந்த ரத்தத்தை இயந்திரத்தில் சுழற்றி, கிடைக்கும் வட்டப் பில்லையைப் புண்ணில் ஒட்டுவது: அதில் 34 சதவீதம் ஆறின, வழக்கமான சிகிச்சையில் 22. இவை புண் மேல் இறங்கும் எடையைக் குறைத்த பிறகும் ஆற மறுக்கும் புண்ணுக்கு. எடையைக் குறைக்காமல் இவற்றை முதலில் வாங்கச் சொல்வது நோயாளிக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

ஜூலை 1

நான்கு வாரத்தில் பரப்பு பாதிக்கு மேல் சுருங்கினால் ஆறும் வாய்ப்பு அதிகம், சுருங்காவிட்டால் வழியை மாற்ற வேண்டும் என்பது எங்கள் அளவுகோல். அண்ணாச்சிக்குப் பாதிக்கு மேலேயே சுருங்கிவிட்டது. இதே கட்டு தொடரும்.

ஜூலை 29

மூடிவிட்டது! அவர் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். ஆனாலும் ஆறிய புண்களில் சுமார் 40 சதவீதம் ஒரு வருடத்துக்குள் திரும்ப வருகின்றன. அதைச் சொல்லாமல் அனுப்பக் கூடாது. எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர் செருப்புக்கு அளவெடுத்தாயிற்று, வீட்டுக்குள்ளும் அதைப் போட வேண்டும். தினமும் காலையில் இரண்டு பாதங்களிலும் ஒரே இடங்களில் வெப்பம் பார்க்க அந்த அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தேன். ஒரு கால் மற்றதைவிட 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக அடுத்தடுத்து இரண்டு நாள் இருந்தால் நடையைக் குறைத்துவிட்டு உடனே வர வேண்டும். தோல் கிழியும் முன்பே உள்ளே நடக்கும் சேதத்தை அந்தச் சூடு காட்டிக்கொடுக்கும். ஆகஸ்ட் 12 மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். புதுச் செருப்பு எங்காவது கடிக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவருக்குத்தான் கடிப்பது தெரியாதே.