ராசுவின் முதுகும் மூன்று சேணங்களும்

ராசு ரேஸில் ஓடி ஓய்ந்த தரோபிரெட் இனக் குதிரை. 16 கை உயரம், அதாவது 64 அங்குலம். பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோப்புக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. குணத்தில் தங்கம், முதுகில்தான் வில்லங்கம். பிடரி முடிந்து முதுகு தொடங்குமிடத்தில் எல்லாக் குதிரைக்கும் ஒரு மேடு உண்டு, விதர்ஸ் என்போம். இவனுக்கு அது ஓட்டு வீட்டு முகடு மாதிரி நிற்கும். முகட்டுக்கு இருபுறமும் தசை வற்றி, என் கைமுட்டி உட்காரும் அளவுக்குப் பள்ளம். போதாததற்கு இடது தோள் வலது தோளைவிடப் பெருத்தது.

முதலில் போட்டது என்னிடம் ஏற்கெனவே இருந்த பழைய ஜம்பிங் சேணம், 17 அங்குலம். ஏறியதும் அதன் முன்வளைவு அப்படியே முகட்டில் போய் உட்கார்ந்தது. நான் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்த இடத்தில் இரண்டு மூன்று விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். ஒரு விரல்கூட நுழையவில்லை. எல்லாரும் செய்கிற தப்பையே நானும் செய்தேன்: அடியில் நம்தா என்கிற கம்பளி விரிப்பு, அதன்மேல் ஜெல் பேட், அதன்மேல் மடித்த கம்பளி. சட்டை இறுக்கமாக இருக்கிறதென்று உள்ளே இன்னொரு பனியன் போட்ட கதை. சேணம் உயர்ந்தது, கூடவே தோளை இன்னும் நெரித்தது. சேணத்தை வயிற்றோடு கட்டும் வாரான கெர்த்தை இழுக்கும்போதெல்லாம் ராசு காதைப் பின்னால் மடக்கி என் முழங்கையைக் கடிக்க வருவான். "திமிரு" என்றேன். "திமிரு இல்லைங்க தம்பி, வலி" என்றார் குதிரையைப் பராமரிக்கும் சைஸ் அண்ணன். ஆறு வாரத்தில் முகட்டுக்குக் கீழே பத்து ரூபாய் நாணயம் அளவில் இரண்டு இடத்தில் வெள்ளை முடி முளைத்தது. அழுத்தத்தில் முடியின் வேர் கெட்டால் நிறம் இல்லாமல்தான் முளைக்கும். அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். ராசுவிடம் வெல்லத்தோடு கேட்டேன்.

அடுத்தது கான்பூர். வெள்ளைக்காரர் காலத்து ராணுவத்துக்குச் சேணம் செய்து பெயர் வாங்கிய ஊர், இப்போது புவிசார் குறியீடும் உண்டு. போனில் "நேரோ ட்ரீ வேண்டும்" என்று சொல்லி 18,000 ரூபாய் அனுப்பினேன். தோல் அருமை, தையல் அருமை. ஆனால் குறுகலான சட்டம் என்றால் எவ்வளவு குறுகல் என்று செய்தவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முன்னாலும் பின்னாலும் முதுகைத் தொட்டது, நடுவில் பாலம் மாதிரி அந்தரத்தில் நின்றது. என் எடை முழுக்க நாலு மூலையில்.

இங்கேதான் புத்திசாலித்தனம் ஒன்று செய்தேன். சேணத்தின் அடியில் முதுகைத் தொடும் மெத்தைக்கு, அதாவது பேனலுக்கு, உள்ளே பஞ்சு அடைத்து அந்த நடுப்பள்ளத்தை நிரப்பிவிட்டால்? மெத்தைக் கடையில் அரைக் கிலோ இலவம் பஞ்சு வாங்கி, பேனல் அடியிலிருக்கும் கீறல் வழியாக ஸ்க்ரூ டிரைவரால் திணித்தேன். முதல் நாள் சொர்க்கம். இரண்டு வாரத்தில் பஞ்சு அமுங்கி முடிச்சு முடிச்சாக நின்றது, கையால் தடவினால் கூழாங்கல் மூட்டை. சேணத்துக்குள் ஆட்டு ரோமம் அடைப்பது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதன் சுருள் அமுங்கினாலும் மறுபடி எழும். அந்தச் சேணம் இப்போது கொட்டகையில் தொங்குகிறது.

மார்ச்சில்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்: அளவெடுப்பது. அக்கா மகள் கட்டடக்கலை படிக்கிறாள், அவளிடம் வளைத்தால் வளைந்தபடி நிற்கும் ரப்பர் ஸ்கேல் இருந்தது. குதிரையைச் சமதளத்தில் நாலு காலும் சதுரமாக ஊன்றி நிற்க வைத்து, தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பைத் தடவிக் கண்டுபிடித்து, அதற்கு இரண்டு விரல் பின்னால் ஸ்கேலை முதுகின்மேல் அழுத்தினேன். அப்படியே எடுத்துச் சார்ட் பேப்பரில் வைத்துக் கோடு. இந்த இரண்டு விரலைச் சும்மா விடவில்லை. குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது, முன்னங்கால் முழுக்கத் தசையில்தான் தொங்குகிறது. காலை முன்னே வீசும்போது தோள்பட்டையின் மேல்முனை பின்னால் வரும். சேணத்தின் சட்டம் அதன்மேல் கிடந்தால் ஒவ்வோர் அடிக்கும் எலும்பில் இடிக்கும். பின்பக்க எல்லை கடைசி விலா, பதினெட்டாவது. அதைத் தாண்டினால் இடுப்பில் பாரம்.

வரைந்ததை நடுவில் மடித்து வெளிச்சத்தில் பிடித்தேன். இடமும் வலமும் ஒன்றின்மேல் ஒன்று உட்காரவே இல்லை. சேணம் எப்போதும் வலப்பக்கம் நழுவியதற்குக் காரணம் கையில் இருந்தது: பெருத்த இடது தோள் அதைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. இத்தனை மாதமும் என் உட்காரும் கோணல் என்று நினைத்து இடது அங்கவடியை மிதி மிதி என்று மிதித்திருக்கிறேன்.

கோட்டை அட்டையில் வெட்டி எடுத்துக்கொண்டு, தெரிந்தவர்களின் சேணங்களையெல்லாம் கவிழ்த்துப் போட்டு அட்டையை வைத்துப் பார்த்தேன். கோயம்புத்தூரில் நண்பர் ஒருவரிடம் விண்டெக் கம்பெனியின் பழைய சேணம் ஒன்று சும்மா கிடந்தது. அதில் முன்வளைவின் இரும்புத் தகட்டைத் திருகாணி கழற்றி மாற்றலாம். ஒவ்வோர் அகலத்துக்கும் ஒரு நிறம்: மிகக் குறுகலுக்கு மஞ்சள், அடுத்தது பச்சை, நடுத்தரம் கறுப்பு. மஞ்சளில் அட்டை கச்சிதமாக உட்கார்ந்தது. வலது முன்பக்கம் மட்டும், பாக்கெட் வைத்த பேடுக்குள் ஃபெல்ட் துண்டு ஒன்று. இந்தத் துண்டும் பனியன்தானே என்று நீங்கள் கேட்கலாம். இறுக்கமானதற்கு அடியில் போடுவது வேறு, காலியான இடத்தை நிரப்புவது வேறு.

முதல் ஒரு மணி நேர ஓட்டம் முடிந்து சேணத்தைக் கழற்றியபோது பரீட்சைத் தாளைப் பார்ப்பது போலப் பார்த்தேன். இருபுறமும் ஒரே சீராக ஈரம், நடுவில் முதுகெலும்பு ஓரமாய் உலர்ந்த வாய்க்கால். அது சரி. ஆனால் வலது தோளுக்குப் பின்னால் உள்ளங்கை அளவு உலர்ந்த திட்டு. உலர்ந்த திட்டு இரண்டு விஷயத்தைச் சொல்லலாம்: வேர்க்கவே முடியாத அளவுக்கு அழுத்தம், அல்லது தொடுகையே இல்லை. விரலால் தடவினேன். முடி படிந்து ஒட்டியிருக்கவில்லை, பஞ்சுபோல நிமிர்ந்திருந்தது. ஆகத் தொடவில்லை. ஃபெல்ட் இன்னொன்று சேர்த்ததும் அடுத்த வாரம் அங்கேயும் ஈரம்.

அதன்பிறகு வாரத்தில் மூன்று நாள், பெரும்பாலும் கால்நடையாக ஏற்றத்தில், தலையைத் தாழ்த்தி முதுகைத் தூக்கி நடக்க வைத்தேன். மாதம் ஒரு கோடு. முகட்டு உச்சிக்கு 5 செ.மீ. கீழே அகலம் மார்ச்சில் 9.5 செ.மீ., ஜூலையில் 10.8. பள்ளத்தில் இப்போது கைமுட்டி உட்காரவில்லை, இரண்டு விரல்தான். மஞ்சள் தகடு மறுபடி நெரிக்கத் தொடங்கிவிட்டது, போன ஞாயிறு பச்சைக்கு மாற்றினோம். இரண்டு ஃபெல்ட்டில் ஒன்றை எடுத்தாயிற்று.

கெர்த்தை இழுக்கும்போது காது இன்னும் மடங்குகிறது. கடிக்க வருவது மட்டும் நின்றுவிட்டது. "பழைய ஞாபகம்ங்க தம்பி, போகும்" என்கிறார் அண்ணன்.