மாரிக்கு முந்திய வெட்டு

2024 அக்டோபர் 5, சனி

பின்னேரம் கிழக்கே இடி முழங்கியது, மழை வரவில்லை. முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானுக்கு அப்பால் உள்ள எங்கள் காணியில், கிணற்றடியை ஒட்டிய துண்டில், ஆகஸ்ட் 12ஆம் திகதி நட்ட 600 துளசிக் கன்றுகளுக்கும் இன்று 54 நாள் ஆகிறது. இந்தக் குறிப்பை இன்று தொடங்குவதற்குக் காரணம், கடந்த மாரியில் எங்கே தவறினேன் என்பதை எழுதி வைக்காததால் இம்முறை நினைவிலிருந்து பொறுக்க வேண்டியிருப்பதுதான்.

போன ஆண்டு ஒன்றரை அடி இடைவெளியில் நட்டேன். கார்த்திகை பிறந்தபோது கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. காலை பத்து மணிக்கும் உட்பக்க இலைகள் ஈரமாகவே இருந்தன. பூங்கதிர்கள் உள்ளேயிருந்து அழுகின. இம்முறை இரண்டடி விட்டிருக்கிறேன், பாத்திகளை ஓர் அடி உயர்த்தியிருக்கிறேன், வரிசைகளை வாடைக்காற்று நுழைந்து வெளியேறும் திசைக்குத் திருப்பியிருக்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கத்து அண்ணை அந்த இடைவெளிகளைப் பார்க்கும்போதெல்லாம், "நடுவிலை ஒரு வரிசை கத்தரி வைச்சிருக்கலாமே, பிள்ளை" என்கிறார். அவருக்கு அது வெறும் நிலம். எனக்கு அது காற்றுக்கு விட்ட பாதை.

2021 மே மாதத்தில் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, அதே ஆண்டு நவம்பரில் தடையை நீக்கியபோது அயலில் அநேகர் யூரியாவுக்குத் திரும்பினார்கள். நான் திரும்பாமல் இருப்பதற்குப் பெரிய கொள்கை எதுவும் காரணமன்று. என்னிடம் துளசி வாங்கும் சித்த வைத்தியர், மருந்துக்குப் போகும் இலையில் பங்கசு நாசினியின் மிச்சம் இருக்கக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பிறகு கவனித்தபோது, அதிக தழைச்சத்து ஏறிய செடியின் இலை மென்மையாகிப் பூஞ்சணத்துக்கு இலகுவில் இடங்கொடுப்பதும் புரிந்தது. மக்கிய மாட்டெருவில், நோய்ப் பூஞ்சணங்களை அடக்கும் நல்ல பூஞ்சணமான ட்ரைக்கோடெர்மாவைக் கலந்து, இரண்டு வாரம் ஈரச்சாக்கின் கீழ் வைத்து, நடுகைக்கு முன் பாத்தியில் இட்டதோடு சரி. வேப்பம் பிண்ணாக்கு ஒருமுறை.

2024 அக்டோபர் 19, சனி

மூன்று நாளாக ஒரே வேலை: ஒவ்வொரு செடியிலும் நிலத்திலிருந்து ஒரு சாண் உயரம்வரை உள்ள இலைகளையும் சிறு கிளைகளையும் கிள்ளி அகற்றுதல். மழைத்துளி மண்ணில் விழுந்து தெறிக்கும்போது மண்ணிலுள்ள பூஞ்சண வித்திகள் முதலில் ஏறுவது அந்தக் கீழ் இலைகளில்தான். குனிந்து செய்யும் வேலை, இடுப்பு பேசுகிறது.

கிணற்றடி மாமர நிழல் விழும் நாற்பது செடிகளில், இலையின் மேற்புறத்தில் திருநீறு தூவியதுபோல் வெண்தூள் நோய் தெரிந்தது. இது மழை நோயன்று. இலையில் நீர் நிற்கவேண்டிய தேவையே அதற்கு இல்லை, நிழலும் இரவின் ஈரக்காற்றும் போதும். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து, வெயில் ஏறும் நேரம் பார்த்து, இலையின் இருபுறமும் தெளித்தேன். வெயில் படாத இடத்தில் பாலைத் தெளிப்பதால் பயன் குறைவு என்பதால் மாமரத்தின் இரண்டு தாழ்ந்த கொப்புகளையும் தறித்தேன். வேப்பெண்ணெயை இனித் தொடமாட்டேன். வெட்டுக்கு மூன்று கிழமைதான் இருக்கிறது. அதன் நாற்றம் காய்ந்த இலையிலும் விலகாது.

நீர் பாய்ச்சுவது காலையில் மட்டும், அதுவும் அடியில் மட்டும். வடகிழக்குப் பக்கத்துக் கிளிசரியா வேலியை இடுப்பளவுக்குக் கத்தரித்துத் தழையைப் பாத்திகளுக்கிடையே பரப்பினேன். மூலையில் உள்ள பத்துப் பன்னிரண்டு மரங்கள் அண்ணையின் எல்லைக்குள் நிற்கின்றன. கேட்டால் வெட்டச் சொல்வார். கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

2024 நவம்பர் 3, ஞாயிறு

கனடாவிலிருந்து பெறாமகன் அழைத்தான். 2009இல் போரில் அவன் காலில் ஏறிய எறிகணைத் துண்டு நரம்பில் விட்டுப்போன நோவுக்கு, அங்கே வைத்தியரின் அனுமதிக் கடிதத்தோடு சுகாதாரத் திணைக்களத்தில் பதிந்து, கஞ்சாச் செடிகளைத் தன் பின்வளவில் தானே வளர்க்கிறான். இங்கே ஒரு செடி வைத்திருந்தாலே வழக்கு. அங்கே 2018 அக்டோபர் 17 முதல், நோயாளி அல்லாதவரும் வீட்டுக்கு நான்கு செடி வளர்ப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கிறது. என் துளசியைப் பற்றிப் பேச்சு வந்தபோதுதான் அவன் இந்த ஆண்டு நட்டத்தைச் சொன்னான்.

பகல் குறுகக் குறுகத்தான் அந்தச் செடி பூக்கும். பூ முற்றுவது செப்டெம்பர் கடைசியிலும் அக்டோபரிலும், அதாவது ஒன்ராறியோவில் இரவு குளிர்ந்து பனி கனமாக இறங்கும் காலத்தில். பூக்குலை எவ்வளவுக்குத் தடித்துத் திரள்கிறதோ அவ்வளவுக்கு அதன் நடுவில் ஈரம் தங்கும். "சின்னம்மா, இன்னும் ஒரு கிழமை முத்தட்டும் எண்டு விட்டன், உள்ளுக்குள்ள அவிஞ்சு போச்சு" என்றான். வெளியில் எதுவும் தெரியவில்லையாம். நல்ல பச்சைக் குலையின் நடுவிலிருந்து ஒரேயொரு சிற்றிலை மட்டும் பழுத்துக் காய்ந்து நின்றதாம். அதைப் பிடித்து இழுத்தபோது எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்ததாம். பிரித்துப் பார்த்தால் தண்டு கபிலமாகி, சாம்பல் நிறப் பஞ்சு படர்ந்திருந்தது. பொட்ரைற்றிஸ்: திராட்சையையும் ஸ்ட்ரோபெரியையும் அழுகவைக்கும் அதே சாம்பற் பூஞ்சணம்.

கெட்ட பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தைப் பாவித்தால் என்ன என்று கேட்டேன். தான் அந்தக் குலை முழுவதையும் எறிந்துவிட்டதாகச் சொன்னான். புகையாக உள்ளே இழுப்பவருக்கும், புற்றுநோய் மருந்தால் எதிர்ப்புச் சக்தி குன்றியவருக்கும் பூஞ்சண வித்தி நேரே நுரையீரலுக்குப் போகும். கலிபோர்னியாவில் புகைப்பதற்கு விற்கும் கஞ்சாவை அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சணத்தின் இனங்கள் நான்குக்குச் சோதித்து, 1 கிராம் மாதிரியில் அவற்றில் ஒன்று தென்பட்டாலும் அந்தத் தொகுதியைக் கழித்துவிடுகிறார்கள். என் துளசி கஷாயத்துக்கும் சூரணத்துக்கும் போகிறது. கஷாயம் கொதிக்கும், சூரணம் கொதிக்காது.

2024 நவம்பர் 12, செவ்வாய்

92ஆம் நாள். முதல் வெட்டு. ஒன்பதரை மணிவரை பனி காயக் காத்திருந்து, நிலத்திலிருந்து ஒரு சாண் விட்டு, 320 செடிகளை வெட்டினோம். பச்சையாக 84 கிலோ. வரிசைக்கு வரிசை கத்தியை ஸ்பிரிட் துணியால் துடைத்தேன்.

மிகுதி 280 செடிகளையும் நிற்க விட்டேன். பூங்கதிர் இன்னும் நீளட்டும், நிறை கூடும் என்ற எண்ணம்தான். ஒன்பது நாளுக்கு முன் பெறாமகன் சொன்னதைக் கேட்டு ஐயோ என்றவள் நான். பேராசைக்கு நினைவாற்றல் குறைவு.

2024 நவம்பர் 28, வியாழன்

வங்கக் கடல் தாழமுக்கத்தின் மழை நாட்கணக்காகக் கொட்டுகிறது. உயர்தரப் பரீட்சையை இடையில் நிறுத்தியிருக்கிறார்கள்; அண்ணையின் மகள் புத்தகத்தோடு எங்கள் விறாந்தையில் இருக்கிறாள். பாத்தி மட்டத்துக்கு நான்கு விரல் கீழே வெள்ளம் நிற்கிறது. வாய்க்காலை இரண்டு முறை வெட்டிவிட்டோம். செடிகளுக்குள் போகவில்லை, ஈரச் செடிக்குள் நடந்தால் நோயை நாமே சுமந்து திரிவோம்.

2024 டிசம்பர் 1, ஞாயிறு

வெயில். பதினொரு மணிக்கு உள்ளே போனேன்.

எட்டாவது வரிசையில், பெறாமகன் சொன்ன அதே அடையாளம்: நிமிர்ந்த ஊதாக் கதிரின் பாதியில் இரண்டு சிறு புல்லிகள் மட்டும் மண்ணிறமாகிச் சுருங்கியிருந்தன. மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தேன். காம்பைச் சுற்றி மெல்லிய மயிர்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் சாம்பல் நிறத்தில் குட்டித் திராட்சைக் குலை போன்ற ஒன்று. என் மூச்சுப் பட்டதும் அதிலிருந்து அடுப்புச் சாம்பலைப் போல ஒரு சிறு புகை எழுந்து பக்கத்துச் செடியின் மேல் போனது. அப்படியே நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு எந்தக் கதிரையும் முதலில் தொடவில்லை. மேலிருந்து பொலித்தீன் பையைக் கவிழ்த்து, வாயைச் சேர்த்துப் பிடித்து, அதன் கீழேதான் வெட்டினேன்.

71 செடிகள். வரைபடம்போல் தாளில் குறித்துப் பார்த்தபோது, அவற்றில் 58 நின்றது நான் கேட்கக் கூசிய அந்தக் கிளிசரியா மூலையின் பின்னால். மழை எல்லாச் செடிக்கும் ஒன்றுதான். காற்றுப் புகுந்த இடத்தில் அது ஒரு மணி நேரத்தில் காய்ந்தது, மூலையில் காயவில்லை. பூஞ்சணம் பிடித்த பின் தெளிப்பதற்கு இயற்கை முறையில் எதுவும் இல்லை. இருக்கிறதென்று போத்தலில் விற்பவரை நான் நம்பமாட்டேன். வெட்டியவற்றைக் கூட்டெருக் குழியில் போடவில்லை, எங்கள் குழி அவ்வளவு சூடேறாது. காணியின் தென்மேற்கு ஓரத்தில் ஆழமாகப் புதைத்தேன். பின்னேரம் அண்ணையிடம் போய் மரங்களைக் கேட்டேன். "இதுக்கோ இவ்வளவு நாளும் யோசிச்சனி?" என்று அவரே கத்தியோடு வந்தார்.

2024 டிசம்பர் 8, ஞாயிறு

தப்பிய செடிகளை இரண்டாம் திகதியே வெட்டிவிட்டோம். செடியில் வென்றதைக் கொட்டிலில் தோற்பது எளிது என்பதை இந்தக் கிழமை படித்தேன்.

நவம்பர் வெட்டு ஒன்பது நாளில் நிழலில் காய்ந்தது. வெயிலில் போட்டால் நிறமும் எண்ணெயும் போய்விடும். இந்த வெட்டுக்கு அப்படியொரு காற்று இல்லை. தகரக் கொட்டிலில் இரவு கூரையின் உட்புறம் வியர்த்துச் சொட்டியது. எனவே தகரத்தின் கீழ் கிடுகு கட்டி, பெருவிரல் தடிப்புக்கு மேற்படாத சிறு கட்டுகளாகத் தலைகீழாகத் தொங்கவிட்டு, மின்விசிறியைக் கட்டுகளை நோக்காமல் சுவரை நோக்கி ஓடவிட்டேன். இலை நொறுங்கினால் காய்ந்ததென்று கொள்ள முடியாது. காம்பு வளையாமல் 'டக்' என்று முறிய வேண்டும்.

முறிந்தது என்று நினைத்து மூன்று சாக்குகளைக் கட்டி வைத்தேன். வைத்தியர் ஐயா இன்று வந்தார். சாக்கின் வாயில் கிடந்த இலையைப் பார்க்கவில்லை. கையை முழங்கைவரை சாக்கின் நடுவுக்குள் விட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் வைத்திருந்தார். முதலாவதும் இரண்டாவதும் சரி. மூன்றாவதில் கையை எடுத்து முகர்ந்து, "உள்ளே சூடு இருக்கிறது, பிள்ளை" என்றார். தடித்த காம்பில் மிஞ்சிய ஈரம் கட்டிய பிறகு இலைக்குத் திரும்பியிருந்தது. கொட்டிப் பார்த்தபோது என் கண்ணுக்குப் பூஞ்சணம் தெரியவில்லை, பழைய சாக்கின் வாடை மட்டும் இருந்தது. அவர் எடுக்கவில்லை, வாதாட எனக்கும் மனமில்லை. ஆறு கிலோ.

2025 ஜனவரி 25, சனி

நவம்பரில் வெட்டிய 320 செடிகளும் மறுபடி தழைத்து இன்று 74 நாள். தைப் பனி கனக்கிறது. காலையில் நடந்தால் பாவாடை முழங்கால்வரை நனைகிறது. கதிர்கள் பாதிதான் விரிந்திருக்கின்றன, இன்னும் பத்து நாள் விட்டால் நிறை கூடும். விடவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு மூலைச் செடி ஒன்றின் நடுக்கிளைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அண்ணையின் மகள் பைகளைப் பிடிக்க, மதியத்துக்குள் ஒன்றுவிடாமல் வெட்டி முடித்தோம். தடித்த காம்புகளை இம்முறை பச்சையிலேயே உருவி எடுத்துவிட்டு, இலையையும் கதிரையும் மட்டும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.