ஒட்டோ கியர்பொக்ஸ் போன அக்குராவை மனுவல் ஆக்கினோம்

அக்குரா 1.6 ஈஎல் கனடாவில் மட்டும் விற்கப்பட்ட கார். 1997 முதல் 2000 வரை ஒன்ராறியோவின் அலிஸ்டன் தொழிற்சாலையில் ஹொண்டா கட்டியது. மூடியைத் திறந்தால் அன்றைய சிவிக்தான். 127 குதிரைவலு வீடெக் எஞ்சின், அதாவது வேகமாகச் சுற்றும்போது வால்வுகளைக் கூடுதலாகத் திறக்கும் ஹொண்டா முறை உள்ளது. என்னுடையது 1998ஆம் ஆண்டு ஒட்டோ. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, ஆனால் கியர்பொக்ஸ் வழுக்கத் தொடங்கி, கடைசியில் ரிவேர்ஸே பிடிக்காமல் போய்விட்டது. திருத்திய ஒட்டோ பெட்டிக்குக் கேட்ட விலை காரின் விலையைவிட அதிகம். ரொறன்ரோ வீதிகளில் பனியைக் கரைக்கக் கொட்டும் உப்புக்குத் தப்பி, அடித்தகடு துருப்பிடிக்காமல் இருக்கும் அந்தக் காலத்துக் கார் இப்போது அரிது. கழித்துவிட மனம் வரவில்லை.

கராஜில் வேலை செய்யும் மச்சான்தான் மனுவலாக மாற்றலாம் என்றான். கியர்பொக்ஸை மட்டும் வாங்கினால் அலைந்தே களைத்துப் போவோம், முழுக் காராகத் தேடு என்றும் சொன்னான். அதைத்தான் நானும் இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். பின்னால் இடிபட்ட மனுவல் சிவிக் கூப்பே ஒன்று கிடைத்தது, அதே வீடெக் எஞ்சினோடு. கியர்பொக்ஸ், பிளைவீல் (எஞ்சின் முனையில் சுற்றும் பாரச் சக்கரம்), கிளச் பெடல், பெடலின் அழுத்தத்தைத் திரவத்தால் கிளச்சுக்குக் கடத்தும் மாஸ்ரர் சிலிண்டர், சிலேவ் சிலிண்டர், இரண்டுக்கும் இடையிலான குழாய், கியர் தடி, அடியில் ஓடும் இணைப்புக் கம்பி, கியர்பொக்ஸைத் தாங்கும் மவுண்டுகள், இரண்டு ட்றைவ் ஷாப்ட், ஸ்ராட்டர், ஈசியூ (எஞ்சினை இயக்கும் கணினி) எல்லாம் அதிலிருந்தே வந்தன. ஒட்டோவுக்குப் போட்ட ஷாப்டும் ஸ்ராட்டரும் மனுவலுக்கு ஒத்துவராது. இன்னொரு விசயம்: வீடெக் சிவிக்கின் பெட்டியில் கடைசி விகிதம் 4.25, அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற பெட்டியின் வெளித்தண்டு 4.25 முறை சுற்றும். சாதாரண டிஎக்ஸ் சிவிக்கின் பெட்டியும் பூட்டலாம், ஆனால் அதன் விகிதம் நீளமானது, இழுவை குறையும்.

பழையதைக் கழற்றுவதுதான் உடம்பு வேலை. ஹொண்டாவின் ஒட்டோ பெட்டிக்குள் மற்றவர்களுடையதைப் போலக் கோள்கியர்கள் (நடுச் சக்கரத்தைச் சுற்றி ஓடும் சின்னப் பற்சக்கரங்கள்) இல்லை. மனுவலைப் போலவே பக்கத்துப் பக்கத்துத் தண்டுகளில் பற்சக்கரங்கள், அவற்றைப் பிடிக்கக் கிளச் பொதிகள். அதனால் நல்ல பாரம். தனியாளாக இறக்கக் கூடாது. சக்கரத்தின் நடுவில் ட்றைவ் ஷாப்டைப் பிடிக்கும் பெரிய நட்டுக்கு 32 மில்லிமீற்றர் சொக்கெற் வேண்டும். துரு ஏறியிருந்தால் முதல் நாளே துரு இளக்கி அடித்து ஊறவிடுங்கள். எஞ்சினின் சுழற்சியைத் திரவத்தால் ஒட்டோ பெட்டிக்குக் கடத்தும் டோர்க் கொன்வேர்ட்டரின் போல்ட்டுகளைச் சின்ன இடைவெளியால், எஞ்சினைக் கையால் சுற்றிச் சுற்றி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

எஞ்சினின் பின்பக்கம் திறந்து கிடக்கும்போது கிராங் ஷாப்ட் பின் சீலையும் மாற்றிவிடுங்கள். சின்ன விலைதான், பிறகு அது ஒழுகினால் எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டும். பிளைவீலைப் பட்டறையில் கொடுத்து மட்டம் கடைந்து, நடுவில் கியர்பொக்ஸ் தண்டின் நுனியைத் தாங்கும் பைலற் பெயாரிங்கையும் புதிதாக்கினோம். பிளைவீல் போல்ட்டுகளின் இறுக்கம் 118 நியூட்டன் மீற்றர், ஒட்டோவில் பிளைவீலுக்குப் பதிலாக இருக்கும் மெல்லிய தகட்டுக்கோ 74தான். பழைய போல்ட்டுகளைப் பயன்படுத்தாதீர்கள். கிளச் பிளேற்றை நடுப்படுத்தும் பிளாஸ்ரிக் ஊசி இல்லாமல் பெட்டி உள்ளே போகாது. கிளச் கிற்றோடு அதுவும் வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பெடலும் வயரும்தான். பிறேக் பெடலை அகலம் குறைந்ததாக மாற்றி, கிளச் பெடலைப் பூட்ட ஸ்ரேரிங்குக்குக் கீழே முதுகை மடித்துக் கிடக்க வேண்டும். வயரிங் பார்க்கும்போது பயமாகத்தான் இருக்கும், உண்மையில் கொஞ்சம்தான். ஒட்டோவில் பார்க் அல்லது நியூட்ரலில் இருந்தால்தான் ஸ்ராட்டர் சுற்றும். அதற்கான இரண்டு வயர்களை நேரே முறுக்கி இணைத்துவிடலாம் என்று பலர் சொல்வார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்: கியரில் கிடக்கும் காரில் யாராவது சாவியைத் திருப்பினால் அது பாயும். கிளச் பெடலின் மேலேயே அதற்கென்று ஒரு சுவிற்ச் இருக்கிறது, அதன் வழியாக எடுங்கள். பெடலில் உள்ள மற்ற சுவிற்ச் குரூஸ் கொன்ட்ரோலை நிறுத்துவதற்கு. ரிவேர்ஸ் லைற் வயர் இரண்டையும் புதிய பெட்டியின் சுவிற்ச்சுக்கு நீட்டினால் முடிந்தது. ஒட்டோ ஈசியூவை அப்படியே விட்டாலும் கார் ஓடும், ஆனால் காணாமல் போன கியர்பொக்ஸைத் தேடி டாஷ்போர்டில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

ரேடியேற்றரில் கியர் ஒயிலைக் குளிர்த்திய இரண்டு வாய்களையும் மூடி, கிளச் குழாயில் காற்றெடுத்து, ஹொண்டாவின் மனுவல் ஒயில் 1.8 லீற்றர் ஊற்றினோம். காப்புறுதி நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன், குறித்துக்கொண்டார்கள். ஒன்ராறியோ ஜி லைசென்ஸில் ஒட்டோ, மனுவல் என்ற பிரிவு இல்லாததால் அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லை.

401 நெடுஞ்சாலையில் நூறு கிலோமீற்றர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 2700 சுற்றுக்குக் கிட்ட நிற்கிறது. ஒட்டோவில் இருந்ததைவிடச் சத்தம் கூட. அதே எஞ்சின்தான், ஆனால் மூன்றாம் கியரில் 5000 தாண்டி வீடெக் திறக்கும்போது வேறு கார் போல இருக்கிறது. இவ்வளவு வருடம் அதை ஓட்டியிருந்தும் அந்தச் சத்தத்தை நான் முழுதாகக் கேட்டதில்லை. புதுக் கிளச் பழகும்வரை மெதுவாக ஓட்டினேன். பிறகு ஒயிலை வடித்துப் பார்த்தபோது இரும்புத் துண்டு ஒன்றும் இல்லை. புது ஒயில் ஊற்றி, அடுத்த கிழமையே கிங்ஸ்ரன் வரை போய் வந்தோம்.