சிவந்துபோன ஆல்பமும் கிம்ப்பும்: இதுவரை செய்து பார்த்தது

எங்கள் வீட்டு ஆல்பத்தில் 1970களின் கடைசியிலும் 80களிலும் எடுத்த கலர் போட்டோக்கள் எல்லாம் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டன. அவற்றைவிடப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்னும் திடமாக இருக்கின்றன. கலர் பிரிண்ட் என்பது மஞ்சள், மெஜந்தா, சயான் என்று மூன்று சாயங்களின் அடுக்கு. அந்தக் காலத்துத் தாள்கள் பலவற்றில், பீரோவுக்குள் இருட்டில் வைத்திருந்தாலும் சயான் சாயம்தான் முதலில் வெளுத்தது. சிவப்பைத் தடுக்க வேண்டிய சாயம் போனால் படம் சிவக்கத்தானே செய்யும்.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்க மனமில்லை. அதனால் கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருள். 1995ல் பெர்க்லியில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கியது, இன்றைக்கும் இலவசம்தான். 2025 மார்ச்சில் 3.0 வந்தது. கீழே சொல்லும் லெவல்ஸ், லேயர், மாஸ்க் எல்லாம் போட்டோஷாப்பிலும் அதே பெயரில் உண்டு.

ஸ்கேன் பற்றிச் சுருக்கமாக. கண்ணாடியையும் போட்டோவையும் மெல்லிய துணியால் துடைத்துவிட்டால் பின்னால் தூசி எடுக்கும் வேலை பாதி மிச்சம். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும்: மூன்றரைக்கு ஐந்து அங்குல பிரிண்ட் 2100க்கு 3000 பிக்சல் வரும், இரண்டு மடங்கு பெரிதாகப் பிரிண்ட் போடலாம். ஜேபெக் வேண்டாம், விவரத்தை இழக்காத டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். ஸ்கேனரில் 48 பிட் கலர் என்று இருந்தால் அதையே எடுங்கள், நிறத்தின் படிகள் அதில் அதிகம். வெளுத்த படத்தின் நிறத்தை இழுத்து நீட்டப் போகிறோம். 24 பிட்டில் வானமும் சுவரும் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும். பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படங்களை நான் பிய்க்கவில்லை, பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் செய்தேன்.

இப்போது நிறம். எல்லோரும் முதலில் போய் நிற்பது பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட். அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பேன். திரையில் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறச் சேனல்களால் ஆனது, அது மூன்றையும் சேர்த்தே நகர்த்தும். நம் பிரச்சினையோ ஒரு நிறத்தில் இருக்கிறது. கலர்ஸ் மெனுவில் லெவல்ஸைத் திறந்து, சேனலைச் சிவப்புக்கு மாற்றினால் ஹிஸ்டோகிராம் தெரியும், அதாவது இருட்டு முதல் வெளிச்சம் வரை எந்த அளவில் எத்தனை பிக்சல் என்று காட்டும் வரைபடம். 0 முதல் 255 வரை பரவியிருக்க வேண்டிய மேடு, இந்தப் படங்களில் இடது பக்கம் காலியாக விட்டு நடுவில்தான் ஆரம்பிக்கும். படத்தில் கறுப்பான இடத்தில்கூடச் சிவப்பு கலந்திருக்கிறது என்று அர்த்தம். கறுப்பு முக்கோணத்தை மேடு தொடங்கும் இடத்துக்கு, வெள்ளை முக்கோணத்தை அது முடியும் இடத்துக்குத் தள்ள வேண்டும். பச்சைக்கும் நீலத்துக்கும் இதேதான். மூன்றும் முடிந்ததும் தலைமுடி கறுப்பாகிறது, பின்னால் இருக்கும் வேப்பமரம் பச்சையாகிறது. மிச்சமிருக்கும் சாயலை நடு முக்கோணத்தால் கொஞ்சமாக நகர்த்தினால் போதும். ஒரு படத்துக்கு ஆகும் வேலையில் முக்கால்வாசி இங்கேயே முடிந்துவிடுகிறது.

லெவல்ஸில் ஒரு சொட்டுக்கருவி உண்டு. இதுதான் வெள்ளை என்று படத்தில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினால், மற்ற நிறங்களை அதை வைத்துச் சரிசெய்யும். கல்யாணப் படத்தில் தாத்தாவின் வேட்டியைத் தொட்டேன், மொத்தப் படமும் மஞ்சளடித்தது. சொட்டு நீலம் போட்டு வெளுத்த வேட்டி அது, வெள்ளையே இல்லை. மென்பொருள் அந்த நீலத்தைக் கழித்துவிட்டுப் பாக்கியையெல்லாம் மஞ்சளாக்கியது. திருநீற்றுப் பட்டை சரியாக வந்தது. பத்திரிகைத் தாளோ சுண்ணாம்புச் சுவரோ நம்பிக்கையில்லை, பழுப்பேறியிருக்கும்.

சிவப்பைக் கழித்தால் குங்குமமும் அரக்குப் பட்டும் சேர்ந்தே மங்குகின்றன. இங்கே லேயர் மாஸ்க் கைகொடுத்தது. லேயர் என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் பட அடுக்கு, மாஸ்க் அதன் மேல் போடும் மறைப்பு. லேயரை நகலெடுத்து, மேல் லேயரில் மட்டும் நிறம் திருத்தி, அதற்கு வெள்ளை மாஸ்க் போட்டு, பொட்டு இருக்கும் இடத்தில் சாம்பல் நிறத் தூரிகையால் தடவினால் கீழே இருக்கும் பழைய சிவப்பு லேசாக எட்டிப் பார்க்கும். மாஸ்க்கில் வெள்ளை காட்டும், கறுப்பு மறைக்கும், சாம்பல் பாதி பாதி. அழிப்பானால் அழித்தால் போனது போனதுதான். மாஸ்க்கில் தடவியதை வெள்ளையால் திரும்ப மீட்டுக்கொள்ளலாம்.

அப்புறம் அந்தச் சொரசொரப்பான தேன்கூட்டுத் தாள். அந்தக் கால ஸ்டூடியோக்களுக்கு இதில் என்ன பிரியமோ தெரியவில்லை! ஸ்கேனர் விளக்கு ஒரு பக்கமாக அடிப்பதால் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு மினுக்கு விழுந்து, முகமெல்லாம் வலை போர்த்தியது போலாகிறது. படத்தை ஒருமுறை ஸ்கேன் செய்து, பிறகு தலைகீழாகத் திருப்பி வைத்து இன்னொரு முறை ஸ்கேன் செய்தேன், மினுக்கு மேட்டின் எதிர்ப்பக்கம் விழட்டும் என்று. இரண்டாவதைக் கணினியில் நேராக்கி மேல் லேயராக வைத்து, மோடை (லேயர்கள் கலக்கும் விதம்) டிஃபரன்ஸ் என்று மாற்றினால், இரண்டும் பொருந்தும் இடம் கறுப்பாகும். கறுப்பு வரும்வரை அம்புக்குறி விசையால் நகர்த்தி, மோடை நார்மலுக்குக் கொண்டுவந்து, ஒபாசிட்டியை (மேல் லேயர் எவ்வளவு மறைக்கும் என்பது) 50 ஆக்கினால் வலை பெருமளவு கரைந்துவிடுகிறது. பொறுமை வேண்டும், ஆனால் பிளர் போட்டு முகத்தைக் குழைப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

தூசிக்கும் கீறலுக்கும் நல்ல இடத்தை நகலெடுத்து மூடும் ஹீல், குளோன் என்ற கருவிகள் இரண்டும் உண்டு. கன்ட்ரோல் விசையோடு நல்ல இடத்தைத் தொட்டுவிட்டு, கீறல் மேல் தடவ வேண்டும். கன்னம், வானம், சுவருக்கு ஹீல் அருமை. சுற்றியுள்ள வெளிச்சத்தோடு கலந்துகொள்ளும். சேலைக் கரை, கதவு நிலை போன்ற ஓரங்களில் அதே கலப்பு அசிங்கமாக வழியும். அங்கே குளோன்தான். முகத்தில் இருக்கும் மச்சத்தையும் அம்மைத் தழும்பையும் நான் தொடுவதில்லை. முகத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் செயலிகளும் அதனால்தான் எனக்கு ஒத்துவரவில்லை. மங்கிய முகத்துக்குப் புதிதாகக் கண்ணும் பல்லும் வைத்துத் தருகின்றன. பார்க்க ஜோர்தான், ஆனால் அத்தை மாதிரி இல்லை.

கூர்மை கடைசியில், வேண்டிய அளவுக்குச் சுருக்கிய பிறகு. அன்ஷார்ப் மாஸ்க் என்ற கூர்மைக் கருவியில் ரேடியஸை 1க்குப் பக்கத்தில் வைக்கிறேன். ஏற்றினால் தலைமுடியைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுகிறது. வேலைக் கோப்பு கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் ஆக இருக்கட்டும், அதில்தான் லேயர்கள் தங்கும். கொடுக்கும் பிரதியை மட்டும் ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்யலாம். வாட்ஸாப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் சுருங்கிவிடும்.

ஆல்பத்தின் பின்னுறையில் கொஞ்சம் கலர் நெகட்டிவ்கள் கிடைத்தன. இன்வர்ட் செய்தால், அதாவது நிறங்களைத் தலைகீழாக்கினால், எல்லாம் நீலமாக வருகிறது. ஃபிலிமிலேயே ஓர் ஆரஞ்சுப் பூச்சு இருப்பதால். அதையும் லெவல்ஸில் சேனல் சேனலாகத் தள்ளித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிரிண்டைவிட நெகட்டிவில் விவரம் கூடுதலாக இருக்கிறது என்பது மட்டும் இப்போதே தெரிகிறது.