எடை குறைந்த பேஸ் ஹெட்: எதைக் கேட்பது, எதைத் தொட்டுப் பார்ப்பது

நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் திருவிழா முடிந்த கையோடு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகள் வந்துவிடும். பைக்கில் போய் வாசிக்கிறவர்களுக்கு 3 கிலோவுக்குள் ஒரு பேஸ் ஹெட், அதாவது ஸ்பீக்கர் இல்லாத பேஸ் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் பெட்டி, பெரிய வசதிதான். ஆனால் கடையில் மெதுவாக வைத்துக் கேட்டால் எல்லா ஹெட்டும் நன்றாகத்தான் இருக்கும். டிரம்ஸ், கீபோர்டோடு மாஸ்டர் வால்யூமைப் பாதிக்கு மேல் திருப்பினால்தான் அதன் குணம் தெரியும்.

மார்க்பாஸ் லிட்டில் மார்க் 3-ஐ எடுத்துக்கொள்வோம். மாட்டுகிற ஸ்பீக்கர் பெட்டியின் (கேபினட்) மின்தடை 4 ஓம் என்றால் 500 வாட்ஸ், 8 ஓம் என்றால் 300. இந்த வித்தியாசம் காதுக்கு 2 டெசிபல் சொச்சம்தான். இரண்டாவதாக ஒரு 8 ஓம் கேபினட் மாட்டும்போது சத்தம் ஏறுவதற்கு, கூடுகிற வாட்ஸைவிட இரட்டிப்பாகிற கோன் பரப்புதான் முக்கியக் காரணம். குறைந்தபட்சம் 4 ஓம் என்று போட்டிருக்கும் ஹெட்டில் இரண்டு 4 ஓம் கேபினட்டை மாட்டிவிடாதீர்கள். அது 2 ஓம் ஆகிவிடும்.

இதன் லோ குமிழின் மையம் 40 ஹெர்ட்ஸ். திறந்த ஈ கம்பியே 41 ஹெர்ட்ஸ்தான். "பேஸ் பத்தல" என்று அந்தக் குமிழை ஏற்றினால் வாட்ஸ் கரையும், கோன் வீணாக ஆடும், உயரமான கோயில் கட்டடத்தில் இரைச்சல் மிஞ்சும். சுரம் தெளிவது 360 ஹெர்ட்ஸிலும் 800 ஹெர்ட்ஸிலும் இருக்கிற மிட் குமிழ்களில். 380 ஹெர்ட்ஸைக் குழிக்கும் விபிஎஃப் என்ற ஃபில்டர் குமிழ் தனியாக வாசிக்கும்போது இனிக்கும், பாட்டுக்குள் பேஸைக் காணாமல் ஆக்கிவிடும். அதைப் பூஜ்யத்தில் வைத்துத் தொடங்குவதே நல்லது.

அடுத்தது கட்டுமானம். இன்புட் ஜாக்கை மெல்ல ஆட்டிப் பாருங்கள். உலோக நட்டால் பெட்டியோடு இறுகியிருந்தால் நல்லது. வெறுமனே போர்டில் சாலிடர் செய்த பிளாஸ்டிக் ஜாக் என்றால் ஒயர் இழுபடும்போதெல்லாம் சாலிடர் விரிசல் விடும், பிறகு சத்தம் விட்டுவிட்டு வரும். கேபினட் ஒயரை மாட்டும் ஸ்பீக்கான் இணைப்பு 'டக்' என்று பூட்ட வேண்டும். ஜெபம் நடக்கும் அமைதியில் ஃபேன் இரைகிறதா என்பதும் கேட்க வேண்டிய விஷயம்.

குளச்சல், முட்டம் பக்கம் வாசிக்கிறவர்களுக்கு அந்த ஃபேன்தான் வினை. உப்புக் காற்றை உள்ளே இழுத்து போர்டின் மேல் படியவிடும். கனமான டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதிலாக உள்ளே இருக்கும் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையில், 230 வோல்ட் டிசி-யாக மாறி ஏறக்குறைய 325 வோல்ட் நிற்கும் இடத்தில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் மின்கசிவுதான். ஏசி காரிலிருந்து இறக்கிய உடனே சுவிட்சைப் போடாதீர்கள், குளிர்ந்த ஹெட்டில் பூக்கும் வியர்வை காயட்டும். சிலிக்கா ஜெல் பொட்டலம் பையிலேயே கிடக்கட்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் நிற்கும் என்பதால் சுத்தம் செய்கிற வேலை டெக்னீஷியனுக்கு.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஹெட்டை மார்த்தாண்டத்தில் யாராவது பிரித்துச் சரிசெய்துவிடலாம். பொடிப்பொடி பாகங்கள் ஒட்டிய இந்த போர்டுகளில் அது கஷ்டம். மாற்று போர்டு கிடைக்குமா என்று விலை பேசும்போதே கேளுங்கள்.

பந்தலில் ஹம் வந்தால் எர்த் பின்னை வெட்டாமல், டிஐ (மிக்சருக்குப் போகும் அவுட்புட்) பக்கத்திலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். மிக்சருக்கு ப்ரீ இக்யூவிலேயே, அதாவது டோன் குமிழ்களுக்கு முந்தைய சிக்னலையே, கொடுங்கள். நீங்கள் மேடையில் டோன் குமிழைத் திருப்புகிற மாற்றம் வெளியே போகாது, சவுண்ட்காரரும் திட்டமாட்டார்.